வெள்ளையணு ஏறும்வரை

சத்திரசிகிச்சை கிளினிக் தாதி என்றால் ஆளைக் கத்திக்கு அனுப்புபவள் என்று நினைக்காதீர்கள். வந்தவரை வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதுதான் எங்கள் முக்கால்வாசிப் பிழைப்பு. விடியலில் பஸ் ஏறி பதுளைக்கு வந்து, "இன்றைக்கு இல்லை" என்று கேட்டுத் திரும்பியவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

பாலும் முட்டையும்

புஷ்பராணி பெரகல பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். மார்பில் சுண்டைக்காய் அளவு கட்டி. எடுத்துப் பார்த்தால்தான் புற்றுநோயா என்று தெரியும். சின்ன வேலைதான், ஆனால் இரத்தத்தில் வெள்ளையணு மிகக் குறைவு. கிருமியோடு சண்டை போட உடம்பில் ஆளில்லை, இப்போது வெட்டினால் புண் சீழ்பிடித்து உயிருக்கே ஆபத்து என்று விளக்கினேன். அவர் போடும் தைரொயிட் மாத்திரைதான் காரணம் என்று டொக்டர் அதை நிறுத்தினார். கையிலிருந்த மிச்ச மாத்திரைகளை நானே பிடுங்கி வைத்துக்கொண்டேன். கணவர் ராஜேந்திரன் தைரியம் சொன்னார்:

"வெள்ளை ரத்தம்தானே மிஸி, பாலும் முட்டையும் குடுத்து ஏத்திப்புடுறேன்."

மறுபடியும் குறைவு

அடுத்த மாதத் தவணைக்கும் ஏறவில்லை, அதற்கடுத்த தவணைக்கும் ஏறவில்லை. வேறு ஏதும் பெரிய வியாதியோ என்று டொக்டரே பயந்தார். எண்ணிக்கையில்தான் பிழையோ என்று நான் ஆய்வுகூடத்தோடு சண்டைக்குப் போனேன். புஷ்பராணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புள்ளைங்களுக்கு இல்லாம நான் பால் குடிக்கிறேங்க, இன்னுமா ஏறல?"

பக்கத்துக் காம்பரா

கடைசியில் அவர் பையைக் கொட்டச் சொன்னேன். வெற்றிலையோடு, கடதாசியில் மடித்த அதே மாத்திரை! லயத்து வரிசை வீடுகளில் கிளினிக் மருந்தும் சீனி மாதிரிதான். இல்லையென்றால் பக்கத்துக் காம்பராவில் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். மாத்திரை நின்றதும் இவருக்கு நெஞ்சு படபடத்திருக்கிறது. அதே வியாதிக்காரியான பக்கத்துக் காம்பரா லெட்சுமி தன் பங்கிலிருந்து கொடுத்து வந்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது?

"அவங்களை ஏசாதீங்க மிஸி, எனக்குக் குடுக்கணும்னு அந்த அக்கா பாதி மாத்திரைதான் போட்டாங்க."

சின்ன ஒப்பரேஷன்

இம்முறை மாத்திரை உண்மையாகவே நின்றது. வெள்ளையணு ஏறியது. ராஜேந்திரன் எனக்குக் கொய்யாப்பழம் கொண்டுவந்தார். டொக்டர் கட்டியைத் தொட்டுப் பார்த்தார், அக்குளிலும் தடவினார். அங்கேயும் நெறி கட்டியிருந்தது, நோய் பரவத் தொடங்கியதன் அடையாளம். இனி இது இங்கே செய்கிற சின்ன வேலை இல்லை, புற்றுநோய்ப் பிரிவுக்கு அனுப்பு என்று சிங்களத்தில் சொன்னார். அதைத் தமிழில் சொல்ல வேண்டியவள் நான். சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். புஷ்பராணி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார்:

"ரத்தம் நல்லா ஏறிருச்சுன்னீங்களே மிஸி, அப்புறம் ஏன் திருப்பி அனுப்புறீங்க?"

நாங்கள் எல்லோரும் தவணை போட்டுக் காத்திருந்த அத்தனை மாதமும், ஒருநாள்கூட லீவு போடாமல் வேலை பார்த்தது அந்தக் கட்டி ஒன்றுதான்.