வீட்டுக்காரர் பேர் என்ன?

யுத்தம் முடிந்த வருடத்துக் கச்சான் காற்று நெருப்பை வாரிக்கொண்டு வந்தது. மருதமுனையில் மனிதருக்கே நாக்கு வறண்டுபோனது. வெண்டிக்கும் கத்தரிக்கும் என்ன கதி? சுல்பிகா சுபஹ் தொழுத கையோடு வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுவாள். சுனாமியில் கடல் வந்துபோன பிறகு இரண்டு கோடை அந்தத் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை, அவ்வளவு உப்பு. எதை நட்டாலும் கருகியது. ஆட்டுப்புழுக்கையும் சருகும் கூடை கூடையாகக் கொட்டித்தான் அந்த மணலை மறுபடியும் தோட்டமாக்கினாள். வேலியில் சிக்கி உயிர் தப்பிய ஒற்றை மறியாடு, குட்டி போட்டுப் போட்டு இப்போது பட்டி நிறைய நின்றது. கணவர் அபுல் ஹஸன் கடலுக்குப் போகிறவர். ஆட்டைக் கண்டால் ஒதுங்கி நடப்பார். ஆடும் அவரைக் கண்டால் அப்படித்தான்.

வளவு சுல்பிகாவுடையது. உம்மா அவளுக்குச் சீதனமாகக் கொடுத்தது. உம்மாவுக்கு அவருடைய உம்மா கொடுத்தது. அந்தக் கரையில் வீடும் வளவும் பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளை வந்து குடியேறுகிறவர். சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். காணி உறுதிப் பத்திரம் கடலோடு போனபோதும் அவள் பதறவில்லை, ஊருக்குத் தெரியும்தானே என்று இருந்தாள். அவளுக்குப் பிறகு அது மகள் றாஹிலாவுக்கு.

அந்த நிம்மதியில் மண் விழுந்தது ஒரே ஒரு சொல்லால். கடல் கொண்டுபோன வீட்டைத் திரும்பக் கட்டித் தர மூன்று வருடத்துக்கு முன் வந்த நிறுவனத்தின் பையன், கொழும்பிலிருந்து வந்தவன், "வீட்டுக்காரர் பேர் என்ன?" என்று கேட்டான். அவன் கேட்டது வீட்டுக்குச் சொந்தக்காரர் யார் என்று. சுல்பிகாவுக்கு விளங்கியது, உன் புருஷன் பேர் என்ன என்று. கல்யாணம் முடித்த நாளிலிருந்து அந்தப் பேரை அவள் வாயால் சொன்னதில்லை. யாரும் கேட்டால் றாஹிலாதான் சொல்லுவாள். அன்றைக்கு மகள் பள்ளிக்கூடத்தில். வெயிலில் நிற்கிற பையனைக் காக்க வைப்பானேன் என்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு "அபுல் ஹஸன்" என்றாள்.

வீடு எழும்பியதும் வாசல் சுவரில் கருங்கல் பதித்தார்கள்: 'உரிமையாளர் அபுல் ஹஸன்.' திறப்பு விழாவில் வெள்ளாடு ரிப்பனைத் தின்றுவிட, வந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். சுல்பிகா கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பேரைத் திருத்தித் தருகிறோம் என்று நிறுவனத்தார் சொன்னார்கள். அவளும் கல்முனையிலிருந்த அவர்களுடைய அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். இன்றைக்கு வா, நாளைக்கு வா என்று இழுத்தடித்தவர்கள், யுத்தம் முடிந்ததும் சாமான்களை லொறியில் ஏற்றிக்கொண்டு வன்னிக்குப் போய்விட்டார்கள். பேரைப் பொறிக்க ஆள் இருந்தது, மாற்றத்தான் ஆள் இல்லை. கேள்வி கேட்கத் தெரியாதவனை ஊர் ஊராக அனுப்பியவர்களை என்ன சொல்வது?

"பேர்தானே, கிடக்கட்டும்" என்றார் அபுல் ஹஸன். அவருக்கென்ன, பின்னேரத்தில் கதிரை போட்டால் கல் தெரிகிற பக்கம் பார்த்துத்தான் போடுவார்.

கிடக்க விட்டது யார்? அவருடைய தம்பி மீராலெவ்வை, ஆண்பிள்ளை இல்லாத நானாவின் சொத்தில் தனக்கும் பங்கு வரும் என்று கணக்குப் போட்டுவிட்டான். கேட்காமலே முருங்கை ஒடித்தான். ஒருநாள் தன் மாட்டைக் கொண்டுவந்து பூவரசில் கட்டினான். அது கயிற்றை இழுத்து அறுத்துக்கொண்டு, அவள் தண்ணீர் சுமந்து வளர்த்த கத்தரியில் ஒரு பாத்தியை மேய்ந்து தீர்த்தது.

"நானாட வளவுதானே மச்சி" என்றான், பல்லைக் காட்டிக்கொண்டு.

சுல்பிகாவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "உங்கட நானா இஞ்ச வரக்குள்ள ஒரு பெட்டியும் ரெண்டு சாறனும் கொண்டு வந்தாரு. பங்கு வேணுமெண்டா அதுல கேளு" என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை றாஹிலாவைப் பேசி மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா சர்பத்தைத் தொடுவதற்கு முன்னமே கல்லை வாசித்துவிட்டார்.

"ஊடு புள்ளைக்கு எண்டுதானே கதைச்ச. இதுல வாப்பாட பேரல்லவா கிடக்கு? நாளைக்கு அவரு மவுத்தானா, அவருட கூடப்பிறந்தாக்களும் பங்குக்கு வருவாங்களே."

மீராலெவ்வை தொண்டையைச் செருமினான். சுல்பிகா திரைச்சீலைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மகளின் கல்யாணம் அந்தக் கல்லில் முட்டிக்கொண்டு நின்றது.

அபுல் ஹஸன் தம்பியைப் பார்த்தார், பிறகு வெளியே மொட்டையாக நின்ற கத்தரிப் பாத்தியைப் பார்த்தார். மனைவியை 'றாஹிலாட உம்மா' என்று தவிர வேறு மாதிரி அவர் அழைத்ததில்லை.

"ஊட்டுக்காரி சுல்பிகா" என்றார். "வளவும் அவட, கிணறும் அவட, ஆடும் அவட. நான் வந்து இருக்கிற ஆள்."

தன் பேரை அவர் வாயால் கேட்டதும் சுல்பிகாவுக்குக் கண் கலங்கியது உண்மைதான். அதற்காகக் கோபம் ஆறிவிடுமா? மூன்று வருடம் சுவரில் கிடந்த பேர் அது. திரைச்சீலையை விலக்கிக்கொண்டு சபைக்கு முன்னால் வந்தாள்.

"கதைச்சது காணும். நாளைக்கு நொத்தாரிசுக்கிட்டப் போய் இதே பேரச் சொல்லி, புள்ளைக்கு உறுதி எழுதுங்க. அதுக்கு முதல் அந்தக் கல்லக் கழட்டுங்க."

அபுல் ஹஸன் எழுந்து கல்லைப் பெயர்க்க அலவாங்கு தேடினார். குசினியில் பார்த்தார், கிணற்றடியில் பார்த்தார். அது ஆட்டுப்பட்டிக்குள் கிடக்கிறது என்பது வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை. சுல்பிகாதான் எடுத்துக் கொடுத்தாள்.