ஹேமிஷின்ர பிடிலை நேராக்கின கதை

குகன் அண்ணையோட நான் சண்டை பிடிக்காத கிழமை இல்லை. ஸ்ரூடியோவுக்குள்ள ஏசியைக் கூட்டினதுக்குப் பிடிப்பன், மைக் ஸ்ராண்டை உடைச்சுப்போட்டு ஒளிச்சு வைச்சதுக்குப் பிடிப்பன். ஆனா ஹெட்போனைத் தூக்கிச் சுவரில எறிஞ்சது ஒரே ஒரு தரம்தான். சவுண்ட் வேலை பழக வாற பிள்ளையள் அந்தக் கதையை ஆளுக்கொரு மாதிரிக் கேள்விப்பட்டிருக்கினம். நடந்ததை நானே எழுதிவிடுறன். இப்ப நினைச்சாலும் எனக்குப் பத்திக்கொண்டு வருது, அதால எழுத்திலயும் சூடு இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கோ.

1. முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு வட்டம்

மில்லிக்கனில ஒரு பிளாசாவுக்குள்ள, இடியப்பக் கடைக்கும் பல் டொக்டருக்கும் நடுவில இருக்கிறது எங்கட ஸ்ரூடியோ. குகன் அண்ணை முதலாளி, நான் சவுண்ட் எஞ்சினியர். அரங்கேற்றப் பாட்டு, கோயில் பாட்டு, கலியாண வீடியோவுக்கு மியூசிக், றேடியோ விளம்பரம், இதுதான் எங்கட பிழைப்பு. அங்க ஒரு நாள் ஃபியோனா எண்ட ஸ்கொட்லாந்துக்காரி வந்து நிண்டவ. ஸ்காபரோவில ஒரு பப்பில ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில தாங்கள் கொஞ்சப் பேர் கூடியிருந்து தங்கட நாட்டுப்புற இசையை வாசிக்கிறவையாம். அதை றெக்கோர்ட் பண்ணித் தரவேணுமாம்.

"நாங்கள் முக்கியமில்லை. ஹேமிஷ்தான் முக்கியம்," எண்டு சொன்னவ. "கழுத்தில நரம்பு நசிஞ்சு இடக்கை விரல் மரத்துக்கொண்டு வருது. ஒப்பரேஷன் செய்யவேணும். செய்தாப் பிறகு பிடில் வாசிக்க ஏலுமோ எண்டு டொக்டருக்கே தெரியாதாம். இவ்வளவு காலமும் மனுசன் ஒரு றெக்கோர்டிங்குக்கும் சம்மதிக்கேல்லை. இப்பதான் ஓம் எண்டவர்."

அவை வயலின் எண்டு சொல்லமாட்டினம், பிடில்தான். எங்கட பழைய ஆக்களும் அப்பிடித்தானே சொல்லுறவை.

மைக் எங்க வைக்கிறது எண்டு பாக்க ஒரு ஞாயிறு அந்தப் பப்புக்குப் போனன். மேடை இல்லை, ஸ்பீக்கர் இல்லை. ஒரு மேசையைச் சுத்தி வட்டமா இருக்கினம், வந்த சனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. எனக்கு முதல்ல மரியாதை கெட்ட வேலையாத்தான் பட்டுது. பேந்துதான் விளங்கிச்சு, அவை சனத்துக்கு வாசிக்கேல்லை, ஆளுக்காள் வாசிக்கினம். இதைத்தான் செஷன் எண்டுறது. ஒருத்தர் ஒரு ரியூனைத் தொடங்குவார். தெரிஞ்சவை சேருவினம், தெரியாதவை பியரைக் குடிச்சுக்கொண்டு கேப்பினம். எப்ப அடுத்ததுக்கு மாறுறது எண்டது எல்லாம் கண்ணாலதான்.

ஹேமிஷ் எழுபது தாண்டின மனுசன், ஒரு பள்ளிக்கூடத்தில கேர்டேக்கரா இருந்து றிட்டயரானவர். எழும்பி நிண்டு பேரைக் கேட்டார். நிலா எண்டு சொன்னன்.

இந்த நாட்டில என்ர பேரை ஒருத்தரும் ஒழுங்காச் சொன்னதில்லை. பாங்கில நீலா, ஆஸ்பத்திரியில நீலா, பிள்ளையின்ர பள்ளிக்கூடத்திலயும் மிசிஸ் நீலா. திருத்தித் திருத்தி வாய் அலுத்துப்போய் விட்டிட்டன். ஹேமிஷ் ஒரே தரம் கேட்டிட்டு, "நிலா" எண்டார். அச்சொட்டா! எப்பிடி எண்டு கேட்டன்.

"எங்கட ஸ்ராத்ஸ்பே இப்பிடித்தானே போறது," எண்டு பிடிலை எடுத்து இழுத்துக் காட்டினார்.

ஸ்ராத்ஸ்பே எண்டது அவையின்ர ஒரு வகை ஆட்ட ரியூன். முதல் சுரம் சின்னதா வெட்டி விழும், அடுத்தது நீண்டு போகும். அந்த வெட்டுக்கு ஸ்நாப் எண்டு பேர். தமிழ் படிச்ச ஆக்களுக்கு அதை விளங்கப்படுத்தவே தேவையில்லை: குறில், நெடில். நிலா, பலா, விழா. அண்டைக்குப் பின்னேரம் முழுக்க அவற்ர வில்லு நிலா நிலா எண்டு கூப்பிட்டுக்கொண்டே இருந்திது. எனக்குச் சிரிப்பும் வந்திது, என்னமோ செய்தும் போட்டுது.

2. "கிளிக் போடு"

றெக்கோர்டிங்குக்கு வெளிக்கிடேக்கையே குகன் அண்ணை தொடங்கிட்டார். "எல்லாற்ற காதிலயும் கிளிக்கைப் போடு. இல்லாட்டி ரெம்போ ஓடித் திரியும். பேந்து எடிட் பண்ண ஏலாது."

கிளிக் எண்டது ஹெட்போனுக்குள்ள டிக் டிக் எண்டு அடிக்கிற தாளம். அதைக் கேட்டு வாசிச்சா ரெம்போ, அதுதான் வேகம், ஒரே மாதிரிப் போகும். நான் பப்பில ஹெட்போனை நீட்ட, ஹேமிஷ் அதைத் தொடவும் இல்லை.

"வட்டத்தில இருக்கிறவையை நான் கேக்கிறதோ, இல்லாட்டி உந்த மணிக்கூட்டைக் கேக்கிறதோ?" எண்டார்.

நியாயமான கேள்வி. ஹெட்போனைப் பெட்டிக்குள்ள வைச்சன். ஆளுக்கொரு மைக், வட்டத்துக்கு நடுவில ரெண்டு மைக். அவ்வளவுதான். மூண்டு ஞாயிறு எடுத்தம். என்ர வேலையில நான் எடுத்த நல்ல றெக்கோர்டிங் எண்டு ஒரு கைவிரலுக்குள்ள எண்ணலாம், அதில இது ஒண்டு. ஹேமிஷ் இடையில கேக்கமாட்டன் எண்டிட்டார், சீடி வரட்டும் எண்டு. எல்லா மைக்கின்ர சத்தத்தையும் சேர்த்து மிக்ஸை முடிச்சு வைச்சிட்டு மொன்றியலுக்கு வெளிக்கிட்டன், தங்கச்சியின்ர மகளுக்குக் கலியாணம்.

"அண்ணை, எல்லாம் சரி. ஒண்டையும் மாத்தாமல் அப்பிடியே பிரிண்டுக்குக் குடுங்கோ," எண்டு சொன்னன்.

"ஓம் ஓம், நீ போயிட்டு வா பிள்ளை," எண்டார்.

3. "ஆர் உந்தப் பெடியன்?"

நான் திரும்பி வந்த ஞாயிறு பப்பில சீடி வெளியீடு. ஒப்பரேஷனுக்குப் பன்ரெண்டு நாள் இருக்கு. கொழுக்கட்டைப் பெட்டி மாதிரி சீடிப் பெட்டியளை அடுக்கி வைச்சுக்கொண்டு குகன் அண்ணை கோட் சூட்டோட நிக்கிறார். பப்பின்ர ஸ்பீக்கரில முதல் ரியூனைப் போட்டவை.

நாலு சுரம் போகேல்லை, நான் ஸ்பீக்கருக்குக் கிட்டப் போய் நிண்டன்.

நிலா நிலா எண்டு துள்ளினது முழுக்க நீலா நீலா எண்டு இழுபடுது! ஒரு வெட்டு இல்லை, ஒரு துள்ளல் இல்லை. கொம்பியூட்டரில கிரிட் எண்டு ஒண்டு இருக்கு, கணக்குக் கொப்பிச் சதுரக் கோடு மாதிரி. ஒரு பட்டனை அமத்தினா, முந்தி விழுந்த சுரத்தையும் பிந்தி விழுந்த சுரத்தையும் பிடிச்சிழுத்துக் கோட்டில நிப்பாட்டும். அந்த வேலையை மனுசன் முழுச் சீடிக்கும் பாத்திருக்கிறார். அது காணாதெண்டு அடியில ஒரு ட்ரம்ஸ் வேற. அம்மாளாச்சி! ஃபியோனாவின்ர கால் தட்டிக்கொண்டிருந்தது, நிண்டுபோச்சு. வட்டத்தில இருந்த ஒருத்தரும் மற்றவற்ற முகத்தைப் பாக்கேல்லை.

ஹேமிஷ் கண்ணை மூடிக்கொண்டு கடைசி மட்டும் கேட்டார். முடிய, "நல்லா வாசிக்கிறான்," எண்டார். "ஆர் உந்தப் பெடியன்?"

குகன் அண்ணை பகிடி எண்டு நினைச்சுப் பெரிசாச் சிரிச்சார். "நீங்கள்தான் சேர்!"

"இல்லை," எண்டார் ஹேமிஷ். "நான் ஒரு நாளும் இப்பிடி வாசிச்சதில்லை." கையில இருந்த சீடியை மேசையில வைச்சிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு வீட்டை போயிட்டார். அவருக்காக வந்த சனம் அவர் போறதைப் பாத்துக்கொண்டு நிக்குது.

குகன் அண்ணையின்ர காருக்குப் பின்னாலயே என்ர காரை விட்டன். ஸ்ரூடியோக் கதவு திறந்த உடன தொடங்கினது.

"என்ன வேலை அண்ணை பாத்து வைச்சிருக்கிறியள்? விசரோ உங்களுக்கு?"

"ஏன் இப்பக் குதிக்கிறாய்? ரைமிங் நொண்டிக்கொண்டு கிடந்தது. நேராக்கி விட்டனான். வெள்ளையளுக்கு ஃபினிஷிங் வேணும் பிள்ளை. நல்லது செய்யப்போனாலும் ஏச்சுத்தான்."

"நொண்டினதோ? அவற்ர ஊர் ஆட்டமே அதுதான். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காக்கி வைச்சிட்டு ஃபினிஷிங் எண்டுறியள்! இந்த நாடு என்ர பேரை நேராக்கினது காணாதெண்டு நீங்கள் அந்தாளின்ர பிடிலையும் நேராக்கவேணுமோ? நிலாவும் நீலாவும் ஒண்டோ?"

"சும்மா கத்தாத. சின்ன விசயம்."

"சரி, பழைய ஃபைலைத் தாங்கோ. நான் இரவிரவா இருந்து திருப்பிச் செய்யிறன்."

மனுசன் கோட்டைக் கழட்டிக் கதிரையில போட்டார்.

"டிரைவில இடம் காணேல்லை," எண்டார். "ஒரு கலியாண வீடியோ வந்தது. புதுசு இருக்குத்தானே எண்டு பழசை..."

அப்பதான் மேசையில கிடந்த ஹெட்போனைத் தூக்கிச் சுவரில எறிஞ்சன். கஸ்ரமரின்ர ஒண்டையும் ஸ்ரூடியோவுக்கு வெளியில கொண்டுபோகக் கூடாது எண்டது அவற்ர சட்டம், அதால என்னட்டயும் கொப்பி இல்லை. அழிஞ்சதை மீட்கிற சொஃப்ட்வெயர் எல்லாம் போட்டுப் பாத்தன். அதுக்கு மேல ஆற்றையோ மாலை மாத்திற வீடியோ ஏறிக் கிடக்குது. ஒரு மனுசன்ர கடைசி வாசிப்பு. துடைச்செடுத்த மாதிரிப் போயிட்டுது. நான் அண்டைக்குக் காருக்குள்ள இருந்து அழுதனான், கவலையில இல்லை, ஆத்திரத்தில.

4. நொண்டல்

அடுத்த நாள் றூஜ் எண்ட இடத்தில இருக்கிற ஹேமிஷின்ர வீட்டை போனன். ஃபியோனாவும் வந்திருந்தவ. நடந்ததை ஒளிக்காமல் சொன்னன். ஒப்பரேஷனுக்கு முதல் இன்னும் ஒரு ஞாயிறு இருக்கு, திருப்பி எடுப்பம் எண்டு கேட்டன்.

"வேண்டாம் நிலா," எண்டார். இடக்கையைத் தூக்கிக் காட்டினார், மோதிர விரல் தன்ர பாட்டில தொங்குது. "இப்ப கை அப்ப இருந்ததை விட மோசம். உன்ர முதலாளி செய்ததாவது நேராப் போகுது. நான் வாசிச்சா நொண்டும்."

எனக்கு அவரிலயும் ஆத்திரம் ஏறிப்போச்சு. "நொண்டட்டும்! அது உங்கட நொண்டல். சீடியில உங்கட பேரைப் போட்டுக்கொண்டு ஆரோ ஒருத்தன் நிமிந்து நடந்து திரியிறான். உங்கட பேரப்பிள்ளையள் அவனைத்தான் தாத்தா எண்டு கேக்கவேணுமோ?"

ஃபியோனா என்ர கையைப் பிடிச்சவ, காணும் எண்ட மாதிரி. ஹேமிஷ் இடக்கையை மடியில வைச்சார்.

"உனக்கு நல்லாக் கோவம் வருது," எண்டார்.

"வரும்," எண்டன்.

"எத்தினை மணிக்கு வாறாய்?" எண்டு கேட்டார்.

அந்த ஞாயிறு ஆளுக்கொரு மைக் நான் வைக்கேல்லை. நடுவில ரெண்டே ரெண்டு. தனித்தனியா எடுத்து வைச்சாத்தானே ஒவ்வொண்டாப் பிடிச்சு இழுப்பினம்? எல்லாற்ற சத்தமும் ஒண்டுக்குள்ள ஒண்டு கலந்து கிடந்தா ஒருத்தராலயும் சுகமாப் பிரிக்க ஏலாது. பப்பில கிளாஸ் வைக்கிற சத்தம், ஆரோ இருமின சத்தம், எல்லாம் உள்ளுக்க வரட்டும் எண்டு விட்டன்.

ரெண்டு ரியூன் தப்பித் தவறிப் போனது. மூண்டாவது மெல்லமாப் போற ஒரு ஸ்ராத்ஸ்பே. ரெண்டாம் பகுதிக்கு ஏறிற இடத்தில அவற்ர விரல் வரேல்லை. வில்லு காத்துக்கொண்டு நிக்குது, விரல் கம்பிக்குக் கிட்டப் போகுது, பதியுதில்லை. வட்டத்தில ஒருத்தரும் நிப்பாட்டேல்லை. அவரை விட்டிட்டு ஓடவும் இல்லை. ஃபியோனா தன்ர கொன்சர்ற்றீனாவில, கையில பிடிச்சு அமத்திற சின்ன ஆர்மோனியம் மாதிரி ஒண்டு, அந்த ஒரு சுரத்தை நீட்டிப் பிடிச்சுக்கொண்டே இருந்தவ, புல்லாங்குழல்காரன் அதில வந்து சேர்ந்தான். விரல் பதிஞ்சுது. எல்லாரும் ஒண்டா அடுத்த அடி வைச்சவை.

ஒப்பரேஷன் முடிஞ்சுது. கழுத்து நோ மாறிட்டுது, விரல் பிடிலுக்குத் திரும்பி வரேல்லை. இப்பவும் ஞாயிறுகளில அவர் தன்ர கதிரையில வந்திருந்து கேக்கிறவர்.

முதல் சீடியை ஃபியோனா ஆக்கள் ஒண்டும் எடுக்கமாட்டம் எண்டிட்டினம். பெட்டியோட எங்கட ஸ்ரோர் றூமில கிடக்குது. புது றெக்கோர்டிங்கைச் சீடியாத் திருப்பி அடிச்சுக் குடுக்க குகன் அண்ணை ஒத்துக்கொண்டார். செய்தது பிழை எண்டு அவர் வாயால இண்டைக்கு வரைக்கும் வரேல்லை, ஊரில பேர் கெட்டுப்போகும் எண்ட பயம். நான் வேலையை விடேல்லை, ஸ்ரௌவ்வில்லில வாங்கின வீட்டுக்குக் கடன் கட்டுறது ஆர்?

அந்தப் புதுச் சீடிக்குக் கடைசி மிக்ஸ் பாக்கேக்க குகன் அண்ணை எனக்குப் பக்கத்தில கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். மூண்டாவது ரியூன். ரெம்போவைக் காட்டுற கோடு அந்த இடத்தில சரிஞ்சு கீழ இறங்குது.

"இஞ்ச பார் பிள்ளை, இதில விழுந்துபோச்சு. சும்மா ஒரு துளி..." எண்டு கையை மவுஸுக்குக் கொண்டு வந்தார்.

"விழேல்லை அண்ணை. அந்தாள் விரல் வைக்குமட்டும் எல்லாரும் காத்து நிண்டவை. கையை எடுங்கோ."

எடுத்தார்.

சவுண்ட் வேலைக்கு வாற பிள்ளையள், மூல ஃபைலை அழியாதேங்கோ எண்டு உங்களுக்கு எல்லாரும் சொல்லித்தருவினம். நான் சொல்லுறது வேற. ஒண்டு கோணலாக் கேட்டா, பட்டனை அமத்த முதல் வாசிச்ச ஆளிட்டப் போய்க் கேளுங்கோ. அந்த மூண்டாவது ரியூனைப் போட்டு, அவை காத்து நிக்கிற இடத்தைக் கேளுங்கோ. கேட்டாப் பிறகும் அதை நேராக்கக் கை அரிச்சுதெண்டா, வேற வேலை பாருங்கோ.