அப்பாவின் வலது தோள்

தைல வாசமும் துப்பாக்கிக்குப் போடும் எண்ணெயின் வாசமும் கலந்து, கதவைத் திறந்து வைத்தாலும் போகாமல் எங்கள் லைன் வீட்டுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்த தொண்ணூறுகளின் ஒரு கோடைக்காலத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அலுப்புத்தான் வருகிறது. அப்பா போத்தனூரில் ஒரு வங்கிக் கிளையின் வாசலில் தன் சொந்த இரட்டைக் குழல் துப்பாக்கியோடு காவலுக்கு நின்றவர். தெருவில் அவருக்குக் 'கன்மேன்' என்றுதான் பெயர். கன்மேன் மகள் என்றால் பள்ளிக்கூடத்தில் ஒரு மரியாதை இருந்தது. நானும் கொஞ்சம் அலட்டிக்கொண்டேன், பொய் சொல்வானேன்.

அந்த வருடம் கோடை தொடங்கும்போது மொபெட்டிலிருந்து விழுந்து வலது காறை எலும்பை முறித்துக்கொண்டார். கட்டுப் பிரித்து வேலைக்குத் திரும்பிய பிறகும் தோள் பழையபடி ஆகவில்லை. வங்கி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார அது போதும். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை மதுக்கரைப் பக்கத்து மைதானத்தில் குறிபார்த்துச் சுட்டுக் காட்டவேண்டும், முடியாதவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தோட்டா வெடித்த கணத்தில் துப்பாக்கி பின்னால் வந்து தோளில் இடிக்கும். 'உதைக்கும்' என்பார் அப்பா. கூடியும் கூடாமலும் இருந்த எலும்பு அந்த உதையைத் தாங்குமா என்பதுதான் எங்கள் கவலை. மில் எப்போது மூடும் என்று தெரியாத நிலையில், அங்கே வேலை பார்த்த அம்மாவின் சம்பளத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது.

அம்மா மில்லின் கழிவுப் பஞ்சைத் திணித்து, சட்டைக்குள் வைத்துக்கொள்ள ஒரு குட்டித் தலையணை தைத்தாள். அப்பா அதை வைத்துத் துப்பாக்கியை ஏந்திப் பார்த்துவிட்டுக் கழற்றிக் கொடுத்துவிட்டார். உதைக்குப் பயந்து துப்பாக்கியின் பின்கட்டையைத் தோளிலிருந்து தள்ளிப் பிடித்தால்தான் அது வேகமெடுத்து வந்து இடிக்குமாம். தோள்குழியில் இறுக்கி, கன்னத்தைக் கட்டையோடு ஒட்டி, முன்கால் மடக்கிச் சாய்ந்து நின்றால் உடம்பு முழுவதும் அதை வாங்கிக்கொள்ளுமாம்.

"பஞ்சு வெச்சா கட்டை வழுக்கிப்போடும் அம்மணி. அப்பறம் தாடையப் பேத்துப்போடும்" என்றார்.

"நீங்களும் உங்க துப்பாக்கியும்" என்று அம்மா அந்தத் தலையணையை என்னிடம் வீசிவிட்டுப் போய்விட்டாள்.

வீட்டில் சுட்டுப் பழக முடியாதே! அதனால் முதல் ஷிப்டு முடிந்து தலையெல்லாம் பஞ்சோடு வரும் அம்மாவின் கையில், நுனியில் துண்டைச் சுற்றிய உலக்கையைக் கொடுத்துத் தன் தோளில் இடிக்கச் சொல்வார். இந்தக் கூத்தை வேறு எந்த ஊரில் எந்தப் பெண்டாட்டி செய்திருப்பாள்? முகத்தைத் திருப்பிக்கொண்டு இடிப்பாள். "இன்னும் பலமா" என்பார். பலமாக இடித்தால் அவருக்கு நெற்றி வேர்த்துவிடும். வலியைவிட அவர் பயந்தது, இடி வருமுன்பே கண்ணை மூடித் தோளைச் சுருக்கிக்கொள்ளும் பழக்கத்துக்கு; அது ஒட்டிக்கொண்டால் குறி தப்பிவிடும். ஆகையால் சொல்லாமல் கொள்ளாமல் இடிக்கச் சொன்னார். எல்லாம் முடிந்து தைலம் தேய்த்துவிடுவதும் அம்மாதான். இடித்த கையாலேயே தேய்க்க வேண்டியிருக்கிறதே என்று ஒருநாள் என்னிடம் சொல்லி அழுதாள்.

சுடும் நாளன்று பள்ளி விடுமுறை. அப்பா எங்காவது மயங்கி விழுந்துவிட்டால் கூட ஒரு ஆள் வேண்டும் என்று அம்மா என்னையும் அனுப்பினாள். சிமென்ட் தூசி படிந்த வேப்பமரத்தடியில் மற்றவர்களின் சைக்கிள்களோடு என்னையும் நிறுத்திவிட்டுப் போனார். ஒவ்வொரு வெடிக்கும் எனக்குத்தான் தூக்கிப் போட்டது. சுட்டு முடித்த காவலர்கள் எல்லோரும் தோளைத் தேய்த்துக்கொண்டு சிரித்தபோது அப்பா மட்டும் தேய்க்கவில்லை, சிரிக்கவும் இல்லை. அதிகாரி அவர் நின்ற விதத்தைக் காட்டி, இப்படித்தான் நிற்க வேண்டும் என்று மற்றவர்களிடம் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் இடது கை துப்பாக்கிப் பையைப் பிடித்திருக்க, வலது கையை மேல் கம்பிக்குத் தூக்க முடியாமல், டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் என் மேல் சாய்ந்தார். உட்கார இடம் கேட்கட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள்.

"பாஸ் பண்ணிப்போட்டேன்" என்றார் அப்பா.

அம்மா அப்படியே படியில் உட்கார்ந்தாள். "அப்ப வர்ற வருசமுமுங்களா?" என்றாள்.

உலக்கை இடி அடுத்த வருடமும், அதற்குப் பிறகும், அவர் ஓய்வு பெறும்வரை நடந்தது. எலும்பு முழுசாகக் கூடவேயில்லை; கடைசி வருடங்களில் வலது கை வாய்வரை எட்டாமல் இடது கையில் ஸ்பூன் பிடித்துத்தான் சாப்பிட்டார். இப்போது அந்தக் கிளையே இடம் மாறிவிட்டது. வாசலில் கேமரா இருக்கிறது, துப்பாக்கி இல்லை. அப்பாவும் இல்லை. உங்கப்பா துப்பாக்கி வைத்திருந்தாராமே என்று ஆசையாகக் கேட்பவர்களிடம் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

போன மாதம் அம்மாவிடம் கேட்டேன், அன்றைக்கு அவரால் சுட முடியாமல் போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று. அம்மா யோசிக்கவேயில்லை.

"சோத்துக்குத் திண்டாடியிருப்போங் கண்ணு. ஆனா அந்தாளு சோத்துக் கைல சோறுண்டிருப்பாரு" என்றாள்.