செத்தது கிருமி மட்டுமல்ல

இரண்டாயிரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வங்காளத்தில், ஜாதவ்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில், காயத்தின் மேல் போடும் துணி ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தேன். பாலிமர்க் கரைசலை ஊசி வழியாக விட்டு மின்சாரத்தை ஏற்றினால், சிலந்தி இழையைவிட மெல்லிய நூல்கள் பறந்துபோய் எதிரே உள்ள தகட்டில் படியும். கிருமியைக் கொல்ல அதில் வெள்ளி கலந்திருந்தேன்.

கிருமி வளர்த்த தட்டில் ஒரு துண்டை வைத்தோம். மறுநாள் துண்டைச் சுற்றிக் கிருமியே இல்லாமல் பளிச்சென்று வெற்றிடம். கரியாஹாட் கடைத்தெருவில் சந்தேஷ் என்ற பால் இனிப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. கால் கட்டைவிரலில் ஆறாத புண். அம்மா இனிப்புப் பெட்டியை அவர் கைக்கு எட்டாமல் நகர்த்தினாள்.

"கிருமிதான் செத்துப்போறதே, அதை என் கால்ல ஒட்டிப் பாரேன்" என்றார் அப்பா.

"மனுஷ செல் அதுல உயிரோட இருக்கான்னு பார்க்கணும்ப்பா. கொஞ்சம் பொறுங்கோ."

செல்களை வளர்த்துச் சோதித்தவள் பக்கத்துத் துறையில் இருந்த வங்காளித் தோழி. நான் அவளைத் தீதி, அதாவது அக்கா, என்பேன். ஒரு காலையில் கூப்பிட்டாள். மைக்ராஸ்கோப்பைக் காட்டினாள். காலை நீட்டிப் படர்ந்திருக்க வேண்டிய தோல் செல்கள் உருண்டைகளாகச் சுருண்டு மிதந்தன.

"ஷொப் மோரே கேச்சே" என்றாள். எல்லாமே செத்துவிட்டன.

"துணி வைக்காத தட்டு?"

"அது நன்றாகத்தான் இருக்கிறது."

அப்பாவின் விரல்தான் கண்முன் நின்றது. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டைவிட்டு, வெயிலில் திரும்பி நடந்தேன்.

அப்பாவிடம் சொன்னேன். சட்டென்று காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"அப்போ, அதுக்கு நல்லது எது கெட்டது எதுன்னு தெரியாதா?"

"தெரியாதுப்பா."

வெள்ளியைக் குறைத்தேன், கிருமி திரும்பி வந்தது. கூட்டினேன், செல் செத்தது. செல்கள் பற்றிக்கொள்ள ஜெலட்டின் சேர்த்தேன். இப்படியே வருடங்கள் போயின. இடையில் அப்பாவின் கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள்.

கடைசியில் ஒருநாள் செல்கள் இழையோடு இழையாக நீண்டு படுத்திருந்தன. கிருமித் தட்டிலும் சின்னதாக வெற்றிடம். நம்ப முடியாமல் தீதியை மறுபடி பார்க்கச் சொன்னேன். "உயிரோடுதான் இருக்கிறதடி" என்று என் முதுகில் அடித்தாள்.

"இப்போ என் காலுக்குப் போடலாமா?" என்றார் அப்பா.

"இன்னும் எலிக்குக்கூடப் போட்டுப் பார்க்கலைப்பா. ரொம்ப வருஷம் ஆகும்."

"அதுவரைக்கும் மிச்சக் கால் இருக்கணுமே" என்று அவர் சிரித்தார். அம்மாவாலும் என்னாலும் சிரிக்க முடியவில்லை.