நெஞ்சு விடுபட்ட படம்

போன மாதம் செங்காங் பாலிகிளினிக்கில் எனக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். பயந்துவிடாதீர்கள், மூன்று வாரத்து இருமல், அவ்வளவுதான். எக்ஸ்ரே அறையில் இருந்தது ஒரு தமிழ்ப் பெண், என் பேத்தி வயது. "செயினக் கழட்டிடுங்க ஆன்ட்டி. அந்த பிளேட்ட ஒட்டி நில்லுங்க" என்றாள். நின்றேன். கை சும்மா இருக்கவில்லை, முன்மயிரை ஒதுக்கிவிட்டுக்கொண்டது. "முகமெல்லாம் விழாது ஆன்ட்டி, ரிலாக்ஸா நில்லுங்க லா" என்று இந்த ஊர் 'லா' போட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் சிரித்தது வேறு, நான் சிரித்தது வேறு. "மூச்ச இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் போனாள்.

இந்த ஊருக்கு நான் முதலில் வந்தது அறுபதுகளின் தொடக்கத்தில், ஓர் ஆண்டிறுதி விடுமுறையில். சிரம்பானில் பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு மாணவத் தொண்டர்கள் என்று எங்களைப் பிடித்து அனுப்பினார்கள். செம்பவாங்கில் கடற்படைத் தள குவார்ட்டர்ஸில் சின்னம்மா வீடு. காலையில் அவர் கட்டித் தரும் இடியாப்பப் பொட்டலத்தோடு பஸ் ஏறினால், தமிழர்கள் நிறைந்த தேக்கா வருவதற்குள் பாதி உலகம் சுற்றிய மாதிரி இருக்கும். ஊர் வந்துவிட்டது என்று எனக்குச் சொன்னது கண் இல்லை, மூக்கு. மிளகாய், மல்லி, மஞ்சள் மூன்றும் ஒன்றாக அரைபடும் நெடி. சிராங்கூன் சாலையின் பக்கச் சந்து ஒன்றில் மசாலா மில் இருந்தது. அந்தச் சந்தில் நுழைந்தால் யாருக்கும் கண்ணில் நீர் வரும். எனக்குக் கூடுதலாகத் தும்மலும் வரும்.

வேலை என்னவென்றால், நெஞ்சில் சயரோகம் இருக்கிறதா என்று பார்க்க எக்ஸ்ரே வண்டி ஒன்று திடலில் வந்து நிற்கும். நாங்கள் வீடு வீடாகப் போய் ஆட்களை வரச் சொல்ல வேண்டும். என்னோடு வந்த மிஸ்ஸி, நர்ஸைத்தான் அப்போது அப்படிக் கூப்பிடுவோம், ஒரு சீன அம்மா. மலாய் பேசுவார், தமிழ் தெரியாது. தமிழுக்கு நான். அங்கேதான் வில்லங்கம். என் தமிழ் வீட்டில் பேசிய யாழ்ப்பாணத் தமிழ். முதல் வீட்டிலேயே, "உங்களோட கொஞ்சம் கதைக்க வந்தனான்" என்றேன். எங்கள் வீட்டில் கதைப்பது என்றால் பேசுவது. அந்த வீட்டு அம்மா உள்ளே திரும்பி, "ஏங்க, கதை சொல்ல ஒரு பொண்ணு வந்திருக்கு" என்று குரல் கொடுத்தார். பிள்ளைகள் ஓடிவந்து என்னைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

அதைவிடப் பெரிய கூத்து ஒன்று நடந்தது. மிஸ்ஸி எனக்குச் சொல்லிக் கொடுத்ததை நான் 'நெஞ்சுப் படம்' என்று தமிழாக்கி வைத்திருந்தேன். நல்ல சொல்தான். ஆனால் பதினெட்டு வயதுப் பெண், ஆண்கள் மட்டும் அடுக்குக் கட்டிலில் படுத்திருக்கும் அறை வாசலில் நின்று 'நெஞ்சு' என்று சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. நெஞ்சை விட்டுவிட்டேன். "திடலில சும்மா படம் எடுக்கினம், வாங்கோ" என்று சொல்லிக்கொண்டு போனேன். எல்லோருக்கும் முகம் மலர்ந்தது. பரவாயில்லையே, நம் பேச்சுக்கும் ஆள் மயங்குகிறார்களே என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

மாலையில் திடலுக்குப் போனால் கல்யாண வீடு. பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டோடு கைக்குழந்தை. ஒருவர் அந்த வெக்கையில் கம்பளிக் கோட்டு போட்டிருந்தார். மிஸ்ஸிக்கு ஒரே ஆச்சரியம். உங்கள் ஆட்கள் மருத்துவத்துக்கு எவ்வளவு மரியாதை கொடுக்கிறார்கள் என்று என் தோளைத் தட்டினார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. உண்மையைச் சொல்லாமல் வரிசையை ஒழுங்குபடுத்துகிற மாதிரி நடித்தேன். உள்ளே போய் வந்தவர்களில் சிலர் முணுமுணுத்தார்கள், பலர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கோட்டுக்காரர் மட்டும் என்னிடம் வந்து, "லைட்டே அடிக்கலியேம்மா, படம் நல்லா விழுமா?" என்று கேட்டார்.

மறுநாள் மசாலா மில்லில் வேலை செய்த காத்தமுத்து என்பவரைப் பார்த்தோம். நாற்பது வயது இருக்கும், புருவம் வரை மஞ்சள் தூள். பேசுவதற்கு முன்னால் இருமினார், பேசிவிட்டும் இருமினார். "இது மிளகா இருமல், தங்கச்சி. இங்க எல்லாருக்கும் இருக்கு. எனக்குக் கொஞ்சம் சாஸ்தி" என்றார். மிஸ்ஸி என் கையை அழுத்தினார். இந்த ஆள் கட்டாயம் வண்டிக்கு வர வேண்டும் என்று அதற்கு அர்த்தம். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்.

"படம் எடுக்கறாங்களாமே? முழு உருவமும் விழுமா? எம் மக வயித்துல இருக்கையில கப்பலேறினவன் நான். அதுக்கு இப்பக் கல்யாணப் பேச்சு. 'அப்பா, உங்க மூஞ்சி எப்படி இருக்கும்'னு எழுதியிருக்கு."

நேற்று செய்தது பிழை. இன்று செய்யப்போவது பொய். இரண்டும் எனக்கு நன்றாகத் தெரிந்தது. சொன்னால் வரமாட்டார். டீபி என்று வெளியே தெரிந்தால் மில் வேலை போய்விடும் என்று, மலாய் தெரிந்த மற்றவர்கள் மிஸ்ஸியிடம் ஏற்கெனவே மழுப்பியிருந்தார்கள். "வாங்கோ அண்ணன்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அன்று மாலை காத்தமுத்து திடலுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, சலவை வேட்டி, படிய வாரிய தலை, இரவல் கைக்கடிகாரம். அதைத் தெரிகிற மாதிரி கையை மடக்கிக்கொண்டு வரிசையில் நின்றார். உள்ளே முதல் வேலையாகச் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். "சட்டையக் கழட்டிட்டு என்ன படம்?" என்று கதவு வழியாக என்னைப் பார்த்தார். "கழட்டுங்கோ அண்ணன்" என்று தரையைப் பார்த்துச் சொன்னேன். அந்தப் பார்வையை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பத்து நாள் கழித்து, பெரிய படம் எடுக்க வரச்சொல்லி அவர் பேருக்குச் சீட்டு வந்தது. வண்டியில் எடுப்பது சின்னப் படம், அதில் சந்தேகம் இருந்தால்தான் பெரிய படம். மில்லில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. "படம் வந்திருச்சா தங்கச்சி?" என்று கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். என்னால் அதற்கு மேல் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், நெஞ்சு என்ற சொல்லையும் சேர்த்து. அழுதது நான். தேற்றியது அவர். "மிளகா நெடி தங்கச்சி, அப்படித்தான் கண்ணு எரியும்" என்றார்.

மொழிபெயர்க்க நானும் கூடப் போனேன். பெரிய படத்தை டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இதோ இங்கே, இங்கே என்று காட்டினார். ஆஸ்பத்திரியில் சேர்ந்தே ஆக வேண்டும், மாதக்கணக்கில் ஊசி, மாத்திரை. காத்தமுத்து நோயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. படத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"மூஞ்சி எங்க?"

"முகம் வராது அண்ணன்."

"அப்ப இது நான்தான்னு எம் மக எப்படிக் கண்டுபுடிக்கும்?"

அவர் என்ன கேட்கிறார் என்றார் டாக்டர், அதை மொழிபெயர்க்க எனக்கு வரவில்லை. வெளியே வந்ததும் அவரே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். "ஆஸ்பத்திரில படுக்கறேன். மொதல்ல நீ சொன்ன படத்த நீ எடுத்துக் குடு."

அன்று மாலையே சிராங்கூன் சாலையில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனோம். அதே சட்டை, அதே இரவல் கடிகாரம். பின்னால் திரையில் தீட்டிய ஏரி. போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு "ரெடி" என்றதும் காத்தமுத்து தோளை முன்னால் தள்ளி மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துவிட்டார். வண்டியில் பழகியது. "மூச்ச விடுங்கோ, இது அந்தப் படம் இல்ல!" என்று நான் கத்துவதற்குள் கிளிக். இன்னொன்று எடுக்கலாம் என்றேன். "போதும், இருமல் வருது" என்று சட்டைப் பொத்தானைத் தளர்த்தினார்.

இரண்டு நாளில் அவர் ஆஸ்பத்திரிக்கும் நான் சிரம்பானுக்கும் போய்விட்டோம். சில மாதம் கழித்து, பக்கத்துக் கட்டில்காரர் எழுதிக் கொடுத்த கடிதம் ஒன்று அவரிடமிருந்து வந்தது. மகளுக்குப் படம் கிடைத்துவிட்டதாம். 'அப்பா நல்லா மார்பு அகலமா, பயில்வான் மாதிரி இருக்கீங்க. எங்களுக்கு ஒரு கவலையும் இல்லை' என்று எழுதியிருக்கிறாளாம். அதைப் படித்துவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். அம்மா ஏன் என்று கேட்டார். மிளகாய் நெடி என்றேன், அன்று எங்கள் வீட்டில் மிளகாயே வறுக்கவில்லை.

நான்கு ஆண்டு கழித்துக் கல்யாணமாகி இந்த ஊருக்கே வந்தேன். முதலில் போனது மில்லுக்கு. "அவரா? தேறிட்டாரு லா. மக கல்யாணத்துக்குக் கப்பலேறிட்டாரு" என்றார்கள். அப்பாடா என்று திரும்பி வருகிற வழியில் அந்த ஸ்டூடியோ வாசல். கண்ணாடிப் பெட்டியில் புதுமணத் தம்பதிகளுக்கும் குழந்தைகளுக்கும் நடுவில் காத்தமுத்து. மடக்கிய கையில் கடிகாரம், உள்ளே இழுத்துப் பிடித்த மூச்சு. ஒரு பிரதி போட்டுத் தரட்டுமா என்று போட்டோக்காரர் கேட்டார். அடுத்த முறை வாங்கிக்கொள்கிறேன் என்றேன். குழந்தைகள், வேலை, வீடு மாற்றம். அடுத்த முறை போனபோது அங்கே கைத்தொலைபேசிக் கடை. மில் இருந்த சந்தில் இப்போது காப்பி வாசம்தான் வருகிறது. எக்ஸ்ரே வண்டியை இங்கே யாரும் பார்த்ததாகக்கூடச் சொல்வதில்லை.

"ஆன்ட்டி, முடிஞ்சு போச்சு" என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண் கூப்பிட்டாள். "மூச்ச விடுங்க ஆன்ட்டி."