மையித்துக் குளிப்பாட்டிய நாளுக்கு லீவு

கரைத்தீவில் கடல்நீர்க் களப்போரமாக இருக்கும் எங்கள் முதியோர் இல்லத்தில் பதினான்கு உம்மாமார். சமையலுக்கும் இரவுக்கும் வேறு ஆட்கள் உண்டு. பகல் முழுவதும் அவர்களைக் கழுவித் துடைத்து, ஊட்டி, மருந்து கொடுப்பது நாங்கள் அக்கா முறையில் கூப்பிடும் ஷம்லா ராத்தா ஒருவர்தான். முன்பு இரண்டு பேர். மற்றவர் குவைத்துக்குப் போய் எட்டு மாதமாகிறது. "ஆள் தேடுறம்" என்று நிர்வாகத் தலைவர் முஆஸ் ஹாஜியார் இன்னும் சொல்கிறார். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு அங்கே அலுவலகத்தில் எழுத்து வேலை பார்ப்பதால் இதெல்லாம் நான் கண்ணால் கண்டது.

ஷம்லா ராத்தாவுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. சொந்தம் இல்லாத உம்மா ஒருவர் மௌத்தானால், அடக்கும் முன் மையித்தை, அதாவது உடலை, குளிப்பாட்டுவதும் அவர்தான். இந்த வருடம் மட்டும் நான்கு பேர். ஆறு வருடமாக அவரை "மகள்" என்று கூப்பிட்ட றைஸா உம்மாவையும் அவரே குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றிக் கபனிட்டார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு நேரே வார்டுக்குப் போனார். அன்று, ஆசியா உம்மாவுக்குக் காலையில் இன்சுலின் ஊசி போட்டதை மறந்து, பதினொரு மணிக்கு இன்னொன்று போட்டுவிட்டார்.

ஆசியா உம்மா ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்து பிழைத்து வந்தார்.

நிர்வாகம் கூடி விசாரித்தது. ஏன் கவனக்குறைவு என்று ஐந்து பேரும் கேட்டார்கள். அன்று காலையில் அவர் என்ன செய்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

"மையித்துக் குளிப்பாட்டுற நாளைக்கு மட்டும் எனக்கு லீவு தாங்க ஹாஜியார். வேற ஒண்டும் வேணாம்" என்றார் ராத்தா.

"அது வேலையா மகள்? அது அல்லாஹ்ட்ட கிடைக்கிற நன்மை. நன்மை செய்யிறதுக்கு லீவு கேக்குறதா?"

"நன்மை எனக்குத்தான். நான் களைச்சு மறந்தா ரெண்டாவது ஊசி ஆசியா உம்மாக்கு."

லீவு தரவில்லை. ஆனால் ஒரு தீர்மானம் வந்தது: ஊழியர்களுக்கு மன அழுத்தம் பற்றிய செயலமர்வு. ஊழியர்களின் நலத்தில் அக்கறை காட்டுகிறார்களாம்! நடத்தியது எப்போது தெரியுமா? ராத்தாவுக்கு இருக்கும் ஒரே ஓய்வான வெள்ளிக்கிழமைப் பின்னேரத்தில்.

கொழும்பிலிருந்து வந்தவர், "கண்ண மூடி, கடற்கரையில நடக்கிற மாதிரி நினைங்க" என்றார்.

"கடல் இஞ்ச கிட்டத்தான் சேர். போக நேரம்தான் இல்ல" என்றார் ராத்தா.

சமையல்கார பஸீஹா சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து வெளியே போனார். ஹாஜியார் சிரிக்கவில்லை.

மூன்று கிழமை கழித்து இன்னொரு உம்மா மௌத்தானார். ராத்தா மறுக்கவில்லை. பொறுமையாகக் குளிப்பாட்டினார், கபனிட்டார், துஆ ஓதினார். பிறகு பையை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"இண்டைக்கு எனக்கு லீவு எண்டு எழுதுங்க."

எழுதினேன். அவர் வாசலால் போய்விட்டார்.

பகல் சாப்பாட்டை ஹாஜியாரும் பஸீஹாவும் நானும் ஊட்டினோம். முடியும்போது மூன்று மணி. கஞ்சி படிந்த சட்டையோடு கதிரையில் சாய்ந்த ஹாஜியார், "ஒவ்வொரு நாளும் இப்பிடியா?" என்று கேட்டார்.

"ஓம், ஹாஜியார். தனிய" என்றேன்.

இனி மாறும் என்றுதான் நான் நம்பினேன். அடுத்த நாள் அவர் என்னிடம் தட்டச்சு செய்யத் தந்தது ராத்தாவுக்கு ஒரு கடிதம்: அனுமதியின்றி வேலையை விட்டுப் போனதற்கு எழுத்தில் விளக்கம் தரவும்.

ராத்தா என் பேனையை வாங்கி அந்தக் கடிதத்தின் அடியிலேயே எழுதினார்: "மையித்துக் குளிப்பாட்டினேன். களைத்துப் போனேன். இன்னொருவருக்குப் பிழையாக ஊசி போடப் பயந்து வீட்டுக்குப் போனேன்."

இரண்டு நாளில் கடிதம் திரும்பி வந்தது. தகுந்த காரணம் காட்டப்படவில்லையாம். மறுபடியும் எழுதட்டுமாம்.