அத்தை கட்டிய தொட்டில்

கல்யாணமாகி வருடக்கணக்கில் என் வயிற்றைப் பற்றித் தெருவே கவலைப்பட்டது. கடைசியில் ஒரு ஸ்கேனில் டாக்டரம்மா திரையை என் பக்கம் திருப்பி, "ரெட்டை!" என்றார். நான் சத்தமாகச் சிரித்தேன். பக்கத்தில் நின்ற அத்தைக்கு, என் மாமியாருக்கு, முகம் வெளுத்துவிட்டது.

"மாத்திரை குடுத்தோம் இல்லியா, ஒரே மாசத்துல ரெண்டு முட்டை வந்திருக்குது. ரெண்டும் தனித்தனியா கருவாயிருக்குது. ஒரே கரு ரெண்டா பிரிஞ்சிருந்தா அச்சு அசலா இருக்கும். இதுங்க அப்படியில்ல, ஒண்ணா வளர்ற கூடப்பொறப்புங்க, அவ்வளவுதான்" என்று டாக்டர் விளக்கினார்.

அத்தை காதில் எதுவும் ஏறவில்லை. ஆட்டோவில் உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஓரிக்கை அம்மன் கோயில் வேப்பமரத்துல உனக்காகத் தொட்டில் கட்டினேன்மா. ஒண்ணுதான் கட்டினேன். ரெண்டு எப்படி வந்துச்சு?"

பிள்ளை வேண்டி மரத்தில் துணித்தொட்டில் கட்டுவதும், பிறந்ததும் பிள்ளையைத் தூக்கிப்போய் அதை அவிழ்ப்பதும் எங்கள் வழக்கம். அத்தை கூப்பிட்டபோது, "எனக்கு இதுலல்லாம் நம்பிக்கை இல்ல" என்று வீறாப்புப் பேசியவள் நான். அப்புறம் யாருக்கும் தெரியாமல் போய் அதே மரத்தில் ஒன்று கட்டிவிட்டு வந்திருந்தேன். வேறு வழியில்லாமல் இப்போது அதைச் சொன்னேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கும்படி இருவரும் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு ஏழாம் மாதம் வரைதான். ஒரு குழந்தை சரியாக வளரவில்லை, கவனமாக இருக்க வேண்டும் என்றார் டாக்டர். அன்று அத்தை சோற்றில் கைவைக்கவில்லை.

"பேராசைப்பட்டு ரெண்டு பேரும் கேட்டுட்டோம். நான் போய் என்னுதை அவுத்துட்டு வந்துடறேன். ஒண்ணாவது நல்லபடியா பொழைக்கட்டும்."

எனக்கு வந்த கோபத்தில் தட்டு தரையில் உருண்டது. "அவுத்தீங்கன்னா இந்த வீட்ல நான் இருக்கமாட்டேன்! ரெண்டும் என் புள்ளைங்க. ஒண்ணைக்கூட விடமாட்டேன்!"

நம்பிக்கை இல்லாதவள் பேசிய பேச்சு இது! அத்தை உருண்ட தட்டை எடுத்துவைத்தார். கோயில் பக்கம் போகவே இல்லை. முட்டையும் பாலுமாக என்னைப் படுக்கவைத்தே வளர்த்தார்.

ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். முதலில் பையன், கொழுகொழுவென்று. அடுத்து அந்தச் சின்னது, பெண். உள்ளங்கை அகலம்தான் முதுகு, ஆனால் அலறிய அலறலில் நர்ஸே சிரித்துவிட்டார். கண்ணாடிப் பெட்டியில் சில வாரம் இருந்து, எடை ஏறி, என் மடிக்கு வந்தாள். ஜெயித்துவிட்டோம் என்று தெருவுக்கே கேட்கக் கத்த வேண்டும்போல் இருந்தது.

இரண்டையும் தூக்கிக்கொண்டு ஓரிக்கைக்குப் போனோம். என் தொட்டில் ஒரே இழுப்பில் கையோடு வந்தது. அத்தையுடையது அசையவே இல்லை. பட்டுத்தறியில் தீர்ந்துபோகும் பழைய பாவின் நெடுக்கு நூலோடு புதுப் பாவின் நூலை இழை இழையாக முடிச்சுப்போட்டுப் பிணைப்பதுதான் அவர் வேலை. அந்தக் கை பட்டுநூலில் போட்ட முடிச்சு அது. நகத்தால் நெம்பினார், பல்லால் கடித்தார். என் கணவர் பிளேடு வாங்கிவரக் கிளம்பியபோது, "இரும்பு படக்கூடாதுபா" என்று தடுத்துவிட்டார்.

வெகுநேரம் போராடி அவிழ்த்தார். நெற்றியெல்லாம் வியர்வை. சின்னவளை என் கையிலிருந்து வாங்கி, முகத்தோடு முகம் வைத்துக்கொண்டு அழுதார்.

"அன்னிக்கே நான் அவுக்க வந்திருந்தாலும் இது அவுந்திருக்காதுடி, கண்ணு."